தற்காலிகத் தீவு: ‘வாண்டன்பர்க்’ கப்பலின் ஏவுகணைக் காலம்

1. கேள்வி

‘ஜெனரல் ஹோய்ட் எஸ். வாண்டன்பர்க்’ என்ற அமெரிக்கக் கப்பலைப் பற்றி மூன்று செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் உலகப்போரில் அது படையினரைச் சுமந்தது. ஒரு ஹாலிவுட் படத்தில் ரஷ்யக் கப்பலாக வேடமிட்டது. 2009இல் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடிக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவே, 1963 முதல் 1983 வரை, அது ஏவுகணைக் கண்காணிப்புக் கப்பலாகப் பணியாற்றியது. அதன் மிக நீண்ட பணிக்காலம் அதுதான். ஆனால் பெரும்பாலான எழுத்துகளில் இந்த இருபது ஆண்டுகளும் ‘விண்வெளித் திட்டங்களுக்கு உதவியது’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த வரியை நீட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதற்கு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பனிப்போரின் மிக நுட்பமான ரேடார்களை ஏற்றுவதற்கு, பணியிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்டிருந்த ஒரு பழைய படைக்கப்பலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பணம் மிச்சம் என்பதே வழக்கமான விடை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அந்தக் காலத்தின் அவசரத்தையும் திட்டமிட்டோரின் மனப்போக்கையும் தவறவிட்டுவிடுவோம். தீவு இல்லாத கடற்பரப்பில் நிறுத்தி வைக்கச் சில ஆண்டுகளுக்கு ஒரு தீவு தேவைப்பட்டது. அந்தத் தீவாகவே இக்கப்பல் உருவானது என்பது என் வாதம்.

2. ஆட்களைச் சுமந்த காலம்

கப்பலின் முதற்பெயர் ‘ஜெனரல் ஹாரி டெய்லர்’. ஹாரி டெய்லர் 1920களில் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இருந்த கைசர் கப்பல் கட்டும் தளத்தில் 1943 அக்டோபரில் இது நீரில் இறக்கப்பட்டது. 1944 மே மாதம் பணியில் சேர்ந்தது. சி-4 எனப்படும் வகை. நீளம் 159 மீட்டர், அகலம் ஏறத்தாழ 22 மீட்டர், வேகம் 17 நாட். ஒரே பயணத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டு செல்லும். 1944 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூகினியின் மில்னே விரிகுடாவுக்குச் சென்றது இதன் முதல் படைப்பயணம்.

போர் முடிந்தபின் வீரர்களை ஊர் திருப்பும் வேலை நடந்தது. 1946இல் கப்பல் கடற்படையிலிருந்து தரைப்படையின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனது. 1950இல் மீண்டும் கடற்படைக்கு வந்தது. இந்த ஆண்டுகளில்தான் ஐரோப்பாவில் நாடிழந்து முகாம்களில் கிடந்த மக்களைச் சுமக்கும் பணியும் இதற்கு அமைந்தது. போலந்து, உக்ரைன், பால்டிக் நாட்டவர் பலருடைய குடும்ப வரலாறுகளில் இக்கப்பலின் பெயர் வருவதற்கு அதுவே காரணம். 1950களின் இறுதியில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில், நூற்றுக்கணக்கான பழைய கப்பல்களோடு இதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தக் காலத்துக்கு ஆவணப் பஞ்சமில்லை. அகதிப் பயணிகளின் பெயர்ப்பட்டியல்கள் இன்றும் பேரக்குழந்தைகளால் தேடப்படுகின்றன. ஏவுகணைக் காலத்துக்கு வந்தால், யார் பயணம் செய்தார்கள், எதை அளந்தார்கள் என்ற இரண்டுமே பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஒரு கப்பலின் வரலாறு எந்தக் காலத்தில் தடிமனாகவும் எந்தக் காலத்தில் மெலிந்தும் எழுதப்படுகிறது என்பதை அதன் பணியின் முக்கியத்துவம் தீர்மானிப்பதில்லை. எந்த ஆவணம் திறந்திருக்கிறதோ அதுவே தீர்மானிக்கிறது.

3. தீவுகள் முடிந்த இடம்

ஃபுளோரிடாவின் கேப் கனவெரலிலிருந்து 1950 ஜூலையில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அங்கிருந்து தென்கிழக்காக நீளும் அட்லாண்டிக் கடலே அமெரிக்காவின் சோதனைக்களமாயிற்று. கிராண்ட் பஹாமா, எலூதரா, கிராண்ட் டர்க், ஆன்டிகுவா எனத் தீவுக்குத் தீவு ரேடார் நிலையங்களும் தொலை அளவீட்டு நிலையங்களும் எழுந்தன. இவற்றில் பல அன்று பிரிட்டனின் ஆட்சிப்பகுதிகள். பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்பாடுகளே இந்தச் சங்கிலியைச் சாத்தியமாக்கின. கடைசிக் கண்ணி தென் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவு, கனவெரலிலிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தொலைவில்.

சிக்கல் அதற்கப்பால்தான். 1960 மே மாதம் ஏவப்பட்ட ஓர் அட்லஸ் ஏவுகணை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் பறந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையையும் தாண்டி இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. அந்தப் பரப்பில் நிலையம் அமைக்கத் தீவு கிடையாது. அசென்ஷனுக்கு முன்னாலும் தீவுகளுக்கிடையே பெரிய இடைவெளிகள் இருந்தன. போர்க்காலச் சிறு சரக்குக் கப்பல்களையும் ‘விக்டரி’ வகைக் கப்பல்களையும் கருவி ஏற்றி இந்த இடைவெளிகளில் நிறுத்தியிருந்தார்கள். அவற்றால் ஏவுகணை அனுப்பும் சமிக்ஞைகளைப் பதிவு செய்ய முடிந்தது. விழும் வெடிமுனையைத் துல்லியமாக அளக்கும் பெரிய ரேடார்களைத் தாங்கும் அளவு அவற்றில் பலவற்றுக்கு இல்லை.

அதற்காகவே இரண்டு பெரிய கப்பல்களை மாற்றியமைக்கும் திட்டம் வந்தது. 1961 ஜூலையில் ‘ஹாரி டெய்லர்’ ஜேம்ஸ் ஆற்றிலிருந்து விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த ‘ஜெனரல் ஆர். ஈ. காலன்’ உடன்பிறப்பாகச் சேர்ந்து ‘ஜெனரல் எச். எச். ஆர்னால்ட்’ ஆனது. 1963 ஜூனில் ‘ஹாரி டெய்லர்’, ‘வாண்டன்பர்க்’ எனப் பெயர் மாறியது. ஹோய்ட் வாண்டன்பர்க் 1948 முதல் 1953 வரை விமானப்படையின் தலைமைத் தளபதி. தரைப்படைப் பொறியாளரின் பெயர் போய் விமானப்படைத் தளபதியின் பெயர் வந்ததில் சோதனைக்களம் யாருடையது என்ற அறிவிப்பும் இருந்தது.

4. ஏன் பழைய உடல்?

சிக்கன வாதத்தை முதலில் எடைபோடலாம். பெரிய எஃகு உடல், இயங்கக்கூடிய நீராவி டர்பைன், நூற்றுக்கணக்கானோர் தங்கும் வசதி ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருந்தன. மாற்றியமைப்பில் மிகுந்த செலவு பிடித்தவை கருவிகள். புதிய உடலில் ஏற்றினாலும் அவற்றின் விலை குறையாது. ஆகவே உடலில் மிச்சம் பிடிப்பது மொத்தச் செலவில் ஒரு பகுதியைத்தான் குறைத்திருக்கும். காலத்தின் கணக்கு இதைவிட வலுவானது. 1961இல் அட்லஸ், டைட்டன், மினிட்மேன், போலாரிஸ் என நான்கு ஏவுகணைத் திட்டங்கள் ஒரே வேளையில் ஓடிக்கொண்டிருந்தன. வரைபடத்திலிருந்து தொடங்கிப் புதிய கப்பலைக் கட்டிக் கடலுக்கு அனுப்பும்வரை அவை காத்திருக்கப் போவதில்லை.

மூன்றாவது காரணம் பலராலும் கவனிக்கப்படாதது. எனக்கு இதுவே சுவையானது. சி-4 கப்பல்களின் இயந்திர அறை பின்பகுதியில் இருக்கிறது. சரக்குக்கும் ஆட்களுக்குமாக ஒழித்துவிடப்பட்ட முன்பகுதியும் நடுப்பகுதியும் பெரிய கிண்ண ஆன்டெனாக்களுக்கும் அவற்றின் அடியில் வரும் மின்னணு அறைகளுக்கும் இடம் கொடுத்தன. எண்ணெய்க் கப்பல்களுக்கும் இதே அமைப்புதான். அப்பல்லோ பயணங்களுக்காக நாசா மாற்றியமைத்த ‘வான்கார்ட்’, ‘ரெட்ஸ்டோன்’, ‘மெர்க்குரி’ ஆகிய மூன்றும் போர்க்கால டி-2 எண்ணெய்க் கப்பல்களாக இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

வேறு நாடுகளும் இதே வழியில் நடந்தன. சோவியத் ஒன்றியத்தின் ‘கோஸ்மோனாவ்ட் விளாதிமிர் கோமரோவ்’ ஒரு சரக்குக் கப்பலின் உடல்; 1970களின் பிற்பாதியில் வந்த நான்கு கப்பல்கள் மரம் ஏற்றும் கப்பல்களிலிருந்து உருமாறியவை. பிரான்சின் ‘ஹென்றி புவான்காரே’ ஓர் இத்தாலியக் கப்பலை விலைக்கு வாங்கி மாற்றியது; 1968 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அது பிரெஞ்சு ஏவுகணைச் சோதனைகளைப் பின்தொடர்ந்தது. செல்வ நாடோ கட்டுப்பாட்டுப் பொருளாதாரமோ, கையில் பழைய உடல் இருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

5. கடைசி ஒரு நிமிடம்

கருவிகளின் வேலையைப் புரிந்துகொள்ளாமல் இக்கப்பலின் மதிப்பைப் புரிந்துகொள்ள இயலாது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் வெடிமுனை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டம்வரை வர ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஆகும். அந்த உயரத்தில் உள்ள பொருளை, பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டால், 1,100 கிலோமீட்டர் தள்ளியுள்ள ரேடாரும் பார்க்கலாம். பொருள் 10 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டால் அந்தத் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். இறுதிக்கட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அது விழும் இடத்துக்கு அருகில்தான் நிற்க வேண்டும்.

அருகில் நின்று எதைப் பார்த்தார்கள்? முதலாவது, வெடிமுனை எங்கே விழுந்தது என்பது. இரண்டாவது, விழும்போது என்ன ஆனது என்பது. முன்னாலுள்ள காற்று அழுத்தப்பட்டு எழும் வெப்பத்தில் வெடிமுனையைச் சுற்றி மின்னேற்றம் பெற்ற வாயுப்படலம் உருவாகிறது. பின்னால் ஒரு வால்போல அது நீள்கிறது. வானொலி அலைகளை அது சில வேளை தடுக்கும், சில வேளை எதிரொலிக்கும். அலைநீளத்தைப் பொறுத்து இது மாறும். ஒரே பொருளை வெவ்வேறு அலைநீளங்களில் பார்ப்பதன் பயன் அங்கே இருக்கிறது. உண்மையான வெடிமுனையையும் அதனோடு சேர்த்து வீசப்படும் போலிகளையும் வேறுபடுத்த முடியுமா என்பது தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் பொதுவான கேள்வி. 1968 ஆகஸ்ட் 16 அன்று மினிட்மேன்-3, பொசைடன் ஆகிய இரண்டும் ஒரே நாளில் கனவெரலிலிருந்து முதன்முறையாகப் பறந்தன. இரண்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட வெடிமுனைகளைச் சுமக்க வடிவமைக்கப்பட்டவை. அதற்குப் பின் கடைசி நிமிடத்தில் பார்க்க வேண்டிய பொருட்களின் எண்ணிக்கையே பெருகிவிட்டது.

பழைய உடலின் குறை இங்கேதான் தெரிகிறது. தீவு அசையாது, அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒருமுறை அளந்தால் போதும். கப்பல் உருளும், எழுந்து தாழும், வெயிலிலும் அலையிலும் அதன் எஃகு உடல் சற்றே வளையும். ஆன்டெனாவின் திசையில் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு பிழை ஏற்பட்டாலும் 500 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 900 மீட்டர் பிழையாகும். இதைச் சமாளிக்க, நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக உருவான சடத்துவ வழிகாட்டிக் கருவிகளும் விண்மீன்களைக் கொண்டு இடமறியும் கருவிகளும் தேவைப்பட்டன. ரேடாருக்குச் சமமான உழைப்பு, ‘நாம் எங்கே நிற்கிறோம்’ என்ற கேள்விக்கு விடைகாணச் செலவானது. துல்லியம் மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால் இதற்கென்றே விறைப்பான உடலோடு ஒரு கப்பலை வடிவமைத்திருப்பார்கள். அப்படிச் செய்யாமல், இருக்கும் உடலின் குறையைக் கணக்கீட்டால் ஈடுகட்ட முனைந்தது ஒரு தற்காலிக ஏற்பாட்டின் அடையாளம் என்றே நான் வாசிக்கிறேன்.

6. யாருடைய கப்பல்?

1964 ஜூலை முதல் நாள் கப்பலை இயக்கும் பொறுப்பு கடற்படையின் போக்குவரத்துப் பிரிவுக்கு மாறியது. அப்போதிருந்து அமைப்பு விநோதமானது. உடல் கடற்படையுடையது, மாலுமிகள் சீருடை அணியாத அரசு ஊழியர்கள். சோதனைத்தடம் விமானப்படையுடையது. அத்தடத்தை நடத்தும் ஒப்பந்தம் 1953 முதல் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்திடம் இருந்தது. கருவிப் பணிகளை அதன் துணை ஒப்பந்ததாரரான ஆர்.சி.ஏ. கவனித்தது. மக்களை ஊர்விட்டு ஊர் பறக்கவிட்ட நிறுவனமே ஏவுகணைத் தீவுகளுக்கும் சோறு போட்டு விளக்கேற்றி வைத்தது என்பது பனிப்போரின் சிறு வேடிக்கைகளில் ஒன்று. இத்தனை பேர் கைகளில் இருந்த கப்பலின் பதிவுகளும் அவரவர் கோப்புகளில் சிதறியிருக்கும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஏவுகணைக் காலம் மெலிந்து எழுதப்பட்டதற்கு இரகசியக் காப்பைப் போலவே இந்தச் சிதறலும் ஒரு காரணமாகலாம்.

இந்த வெற்றிடத்தைப் புகழ்ச்சி நிரப்பியிருக்கிறது. மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ என மனிதனை விண்ணுக்கு அனுப்பிய எல்லாத் திட்டங்களிலும் வாண்டன்பர்க் பங்கேற்றதாகச் சுற்றுலா எழுத்துகள் சொல்கின்றன. மெர்க்குரித் திட்டத்தின் கடைசிப் பயணம் 1963 மே மாதம் முடிந்தது. கப்பலுக்கு வாண்டன்பர்க் என்ற பெயரே அடுத்த மாதம்தான் வந்தது. மெர்க்குரிக்குக் கடலில் நின்றவை ‘ரோஸ் நாட் விக்டர்’, ‘கோஸ்டல் சென்ட்ரி கியூபெக்’ என்ற வேறு இரு கப்பல்கள். அப்பல்லோவுக்கும் முன்சொன்ன எண்ணெய்க் கப்பல்களே முதன்மையானவை. அத்தடத்தில் நின்ற கப்பல் என்ற முறையில் பிந்தைய விண்பயணங்கள் சிலவற்றில் வாண்டன்பர்க் கை கொடுத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் அது உருவானது வெடிமுனைகளை அளக்க. நிலவுப் பயணத்தின் ஒளியை இதன்மேல் பாய்ச்சுவது அதன் உண்மைப் பணியை மங்கச் செய்கிறது.

அந்தப் புகழ்ச்சியில் ஒரு நியாயமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வெடிமுனையை அளக்கும் அதே ரேடார் விண்கலத்தையும் பிறர் ஏவுகணையையும் பின்தொடரும். பசிபிக்கில் நிறுத்தப்பட்ட ‘ஆர்னால்ட்’ சோவியத் ஏவுகணைகள் வந்து விழுவதைக் கவனித்தது. 1972இல் கையெழுத்தான ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாடுகள், ஒரு நாடு தன் சொந்தத் தொழில்நுட்பத்தால் மற்றதைச் சரிபார்ப்பதில் குறுக்கிடக் கூடாது என ஏற்றுக்கொண்டன. தன் ஆயுதத்தைக் கூர்மையாக்கும் கருவி, பிறர் ஆயுதத்தை எண்ணிப் பார்க்கும் கருவியும் ஆனது. 2022 ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது ‘ஆய்வுக் கப்பலா, உளவுக் கப்பலா’ என்று நம் நாளிதழ்கள் எழுப்பிய கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காததன் காரணமும் இதுவே. இலங்கை நீர்ப்பரப்பில் அறிவியல் ஆய்வு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு கொழும்பு அனுமதி கொடுத்தது. கருவியை அணைக்கச் சொல்லலாம். அது எதற்கானது என்பதைக் கருவியின் வடிவம் காட்டிக்கொடுப்பதில்லை.

7. கலைப்பு

1983இல் வாண்டன்பர்க் ஓய்வு பெற்றது. அதற்குள் கிண்ண ஆன்டெனா பொருத்திய இ.சி.-135 விமானங்கள் பல ஆண்டுகளாகத் தொலை அளவீட்டுப் பணியில் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நாசாவின் முதல் தொடர் கண்காணிப்புச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. தீவுக்கான தேவை குறைந்தது. தற்காலிகத் தீவு ஜேம்ஸ் ஆற்றுக்கே திரும்பியது. 1993இல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அங்கே நின்றபோதுதான் 1999இல் வெளிவந்த ‘வைரஸ்’ படத்துக்காக ‘அகாடமிக் விளாதிஸ்லாவ் வோல்கோவ்’ என்ற ரஷ்ய ஆய்வுக் கப்பலாக மாறியது. சோவியத்தின் உண்மையான கண்காணிப்புக் கப்பல்களில் ஒன்றுக்கும் வோல்கோவ் என்ற அதே விண்வெளி வீரரின் பெயர் இருந்தது. எதிரியின் கப்பலாக நடிக்க இதற்கு அதிக ஒப்பனை தேவைப்பட்டிருக்காது.

மூழ்கடிக்கும் முன் நடந்த துப்புரவுதான் எனக்கு முக்கியச் சான்று. நோர்ஃபோக் கப்பல்பட்டறையில் 10 டன்னுக்கு மேல் கல்நார் அகற்றப்பட்டது. 8 லட்சம் அடிக்கும் அதிகமான மின்கம்பி உருவியெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஆட்களுக்காகக் கட்டிய உடலுக்குள் எத்தனை பெரிய மின்னணு நிலையம் திணிக்கப்பட்டிருந்தது என்பதை, திறக்கப்படாத எந்தக் கோப்பையும்விட இந்த எண் தெளிவாகச் சொல்கிறது. மாற்றியமைப்பதில் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதியை அரை நூற்றாண்டு கழித்துக் கட்ட வேண்டியும் வந்தது. மொத்தத் திட்டத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. நடுவில் பணம் கொடுக்கப்படாமல் கப்பல் ஏலம்வரை போனது. 2009 மே 27 அன்று வெடிவைத்து மூழ்கடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

8. வாதத்தின் எல்லை

என் வாசிப்புக்கு எதிரான சான்றுகள் உண்டு. சீனா 1970களின் பிற்பாதியில் ‘யுவான் வாங்’ வரிசையின் முதலிரு கப்பல்களைப் புதிதாகவே கட்டி, 1980 மே மாதம் தென் பசிபிக் நோக்கி ஏவிய நெடுந்தொலைவு ஏவுகணையைப் பின்தொடர்ந்தது. அவசரம் சீனாவுக்கும் இருந்தது. அப்படியிருந்தும் பழைய உடலைத் தேடவில்லை. ஆனால் கையிருப்பில் போர்க்கால எஃகு குவிந்து கிடந்த நாட்டோடு சீனாவை ஒப்பிட முடியாது என்பதால் இச்சான்று என்னை அதிகம் அசைக்கவில்லை.

இன்னொன்று வலுவானது. ‘ஆர்னால்ட்’ விட்ட இடத்தை 1980களின் தொடக்கத்தில் நிரப்பிய ‘அப்சர்வேஷன் ஐலண்ட்’டும் பழைய உடல்தான்: 1953இல் வணிகக் கப்பலாக நீரில் இறங்கி, 1959இல் போலாரிஸ் ஏவுகணையைக் கடலிலிருந்து ஏவிப் பார்த்து, பின்னர் ‘கோப்ரா ஜூடி’ ரேடாரைச் சுமந்தது. கடலில் ஏவுகணைக் கண்காணிப்பு நிரந்தரத் தேவை என்று அப்போது எவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மாற்றியமைத்தார்கள், அந்த உடல் 2014 வரை உழைத்தது. ஆகவே தற்காலிகம் என்ற விளக்கத்தை 1960களின் முற்பாதிக்கு மட்டுமே பொருத்துகிறேன். பிந்தைய மாற்றியமைப்புகளுக்குப் பழக்கமும் வரவுசெலவு அரசியலும் காரணமாகலாம்; அவற்றைத் தனியே ஆராய வேண்டும்.

‘அப்சர்வேஷன் ஐலண்ட்’டுக்குப் பின் வந்த ‘ஹோவர்ட் ஓ. லோரன்சன்’தான் இந்த வேலைக்கென்றே அமெரிக்கா புதிதாகக் கட்டிய கப்பல். மிசிசிப்பியில் கட்டப்பட்டு 2014இல் முழுப்பணிக்கு வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 163 மீட்டர். கைசர் தளத்தில் படைவீரர்களுக்காகக் கட்டிய உடலைவிட நான்கு மீட்டர்தான் அதிகம்.